பத்து வாரத்துக்கு ஒரு வீடு

லெட்சுமி வகுப்புக்கு வராத மூன்றாவது சனிக்கிழமை அது. பாடம் நடத்தும் வெள்ளைக்காரத் துரை பெயர் வாசித்தார். லெட்சுமியின் பெயருக்குப் பதில் வராமல் போகவே ஒரு கோடு கிழித்துவிட்டு அடுத்த பெயருக்குத் தாவினார். மற்றவர்கள் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். பெர்னடெட்டுக்கு மட்டும் பெஞ்சில் இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு வருடமாக லெட்சுமி உட்கார்ந்த இடம் அவளுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருடம். கோலாலம்பூரில் ஆசிரியர் வேலைக்குப் பயிற்சி தரும் சனிக்கிழமை வகுப்பு அது. சேர்ந்த புதிதில் எல்லோரும் கலகலவென்றுதான் இருந்தார்கள். பிறகு ரப்பர் விலை விழுந்தது. அரசாங்கம் கையைச் சுருக்கிக்கொண்டது. முந்தைய வருடம் தேறியவர்களுக்கே வேலை இல்லை. வார நாள்களில் பள்ளிக்கூடங்களில் கொடுத்துவந்த பயிற்சி வேலையும் நின்றுபோனது. அதோடு வகுப்பு ஒரு சத்திரம்போல ஆகிவிட்டது. வருவார்கள், எழுதுவார்கள், மணி அடித்தால் ஆளுக்கொரு திசை. பெர்னடெட்டும் அதற்கு விலக்கல்ல. அவள் வீடு கிள்ளானில். அப்பா அங்கே ஸ்டேஷன் கிளார்க்கு. ஒன்றேகால் மணி ரயிலைப் பிடிக்க எல்லோருக்கும் முன்னால் ஓடுகிறவள் அவள்தான்.

அன்று ஓடவில்லை. வாசலில் நின்று, வெளியே வருகிறவர்களை ஒவ்வொருவராகக் கேட்டாள். டோரிஸ், கல்யாணம் ஆகியிருக்கும் என்று சொல்லிக் குடையை விரித்தாள். செபாஸ்டியன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பதில் சொன்னான்.

"வந்து மட்டும் என்னா ஆகப்போவுது? போன வருசம் பாஸ் பண்ணவங்க வீட்டுல ஈ ஓட்டிக்கிட்டு இருக்காங்க. அந்தப் பொண்ணுக்காவது சீக்கிரம் புத்தி வந்துச்சே."

லெட்சுமியின் வீடு எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. என்ன மனிதர்கள் என்று பெர்னடெட்டுக்கு எரிச்சல் மூண்டது. மூண்ட வேகத்தில், தனக்கும் தெரியாது என்பது சுருக்கென்று தைத்தது. அவளிடம் பென்சில் வாங்கியிருக்கிறாள், நோட்டுப் பார்த்து எழுதியிருக்கிறாள், வீட்டைக் கேட்டதில்லை. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை என்று லெட்சுமி எப்போதோ சொன்னது மட்டும் நினைவிருந்தது.

ரயில்வேக்காரர்கள் என்றால் பிரிக்பீல்ட்ஸ். கொளுத்தும் வெயிலில் குவார்ட்டர்ஸ் வரிசைகளை ஏறி இறங்கினாள். முதல் வரிசையில் தெரியாது என்றார்கள். இரண்டாவதில் வேறொரு லெட்சுமியைக் காட்டினார்கள். தண்ணீர்க் குழாயடியில் வாளியோடு நின்ற ஒரு பெண்தான், இங்கிலீஷ் படிக்கிற பிள்ளையா, பாயிண்ட்ஸ்மேன் ரெங்கசாமி மகளா என்று கேட்டு, கடைசி வீட்டைக் கைகாட்டினாள்.

அந்த வீட்டில் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். லெட்சுமி சணல் கயிறும் கையுமாக எழுந்து நின்றாள். ரெங்கசாமியை ஆள்குறைப்பில் நிறுத்திவிட்டார்கள். மாதக் கடைசியில் வீட்டைக் காலிசெய்ய வேண்டும். அரசாங்கமே ஊருக்கு இலவசமாகக் கப்பல் ஏற்றிவிடுகிறது. இன்னும் இரண்டு வாரத்தில் நாகப்பட்டினத்துக்குப் போகிற கப்பலில் குடும்பத்துக்கே இடம் எழுதியாகிவிட்டது. கப்பல் போய்ப் பத்து வாரம் கழித்துத்தான் இறுதிப் பரீட்சை. இரண்டு வருடப் படிப்பு அந்தச் சாக்கோடு சாக்காக மூட்டை கட்டப்பட்டுக்கொண்டிருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று பெர்னடெட் கேட்டாள்.

"யாருகிட்ட சொல்றது?" என்றாள் லெட்சுமி. "ரெண்டு வருசமா உன் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். எங்க வீடு எங்க இருக்குன்னு இன்னிக்குத்தான் தேடி வந்திருக்கே."

குரலில் கோபம் இல்லை. அதுதான் பெர்னடெட்டைக் குத்தியது. பரீட்சை வரைக்கும் எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று ரெங்கசாமியிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அவர் இவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வயசுப் பெண்ணை முன்பின் தெரியாத வீட்டில் விட்டுவிட்டு எப்படிக் கப்பல் ஏறுவது என்று மட்டும் கேட்டார்.

கிள்ளானில் அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். இரண்டே அறை, அதில் எட்டுப் பேர். இரண்டு வாரம் என்றால் சமாளிக்கலாம், பத்து வாரம் ஆகாது. அந்த வாரம் முழுக்கப் பெர்னடெட் எடுத்த வேலையை முடிக்கவில்லை. துணி பாதி துவைத்தபடி கிடந்தது. கோயிலில் முழங்காலிட்டவள், ஜெபத்துக்கு நடுவில் எத்தனை வீட்டில் இரண்டிரண்டு வாரம் கேட்கலாம் என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை, துரை வருவதற்கு முன் எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னாள். ஐந்து வீடு போதும், வீட்டுக்கு இரண்டு வாரம் என்றாள். குனிந்த தலைகள் நோட்டுக்குள்ளேயே இருந்தன. ஒருவன் பேனாவுக்கு மை ஊற்றினான். அவளுக்குக் காதெல்லாம் சூடானது.

"நாளைக்கு நான் வரலைன்னாலும் இப்படித்தான் இருப்பீங்க. உங்க எடம் காலியானா நானும் இப்படித்தான் குனிஞ்சு எழுதியிருப்பேன். வேலை கிடைக்காது, சரி. அதுக்காக மனுசனும் இல்லாமப் போயிடணுமா?"

அதற்குள் துரை வந்துவிட்டார். அன்று அவர் நடத்திய பாடம் ஒரு வரிகூட அவள் தலையில் ஏறவில்லை.

இடைவேளையில் முதலில் வந்தது மிஸ் யாப். பெத்தாலிங் ஸ்ட்ரீட்டில் மளிகைக் கடை வைத்திருந்த சீனர் வீட்டுப் பெண். இரண்டு வருடத்தில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை. கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை இருக்கிறது, ஆனால் வீட்டில் பன்றி இறைச்சி சமைப்பார்கள், அது அந்தப் பெண்ணுக்குப் பரவாயில்லையா என்று தயங்கித் தயங்கி இங்கிலீஷில் கேட்டாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த டோரிஸ், தன் அப்பாவிடம் பேசிப்பார்ப்பதாகச் சொன்னாள். ஜோசஃபின் தன் வீட்டிலும் முடியும் என்றாள். மணி அடிக்கப்போகும் நேரத்தில் செபாஸ்டியன் வந்து, செந்தூலில் கட்டிக்கொடுத்த அக்கா இருக்கிறாள், அவளிடம் கேட்கலாம் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். சொல்லிவிட்டு, பெண்ணின் அப்பாவிடம் யார் பேசுவது என்று அவனே கேள்வியும் கேட்டான்.

வகுப்பு விட்டதும், துணைக்கு வந்த இன்னும் இருவரோடு ஏழு பேராகப் பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்தார்கள். தூரத்தில் கூட்டமாக வருவதைப் பார்த்த ரெங்கசாமி, வீட்டைக் காலிசெய்யச் சொல்ல ஆபீஸ் ஆட்கள் வருகிறார்கள் என்று நினைத்து, சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் வந்து கைகட்டி நின்றார். செபாஸ்டியன் பதறிப்போய் அவர் கையைப் பிடித்து விலக்கினான். பெயர் சொல்லி, அப்பா பெயர் சொல்லி, எந்தத் தெரு, வீட்டில் எத்தனை பெண்கள் என்று ஒவ்வொருவரும் ஒப்பித்தார்கள். ரெங்கசாமி எல்லாம் கேட்டார். மிஸ் யாப்பிடம் மலாயில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். சோறும் உப்பும் போதும் என்று லெட்சுமி உள்ளேயிருந்து சொன்னாள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

கப்பல் நாள் வரை பதில் வரவில்லை. போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தில் மூட்டைகளும் பிள்ளைகளுமாக ஜனம் வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தது. பெர்னடெட் வேலியோரம் நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். செபாஸ்டியனும் டோரிஸும் அவளோடு வந்திருந்தார்கள். வரிசையில் லெட்சுமியின் குடும்பத்துக்கு முன்னால் பத்துப் பேர், பிறகு ஐந்து பேர், பிறகு இரண்டு பேர். லெட்சுமி தலைகுனிந்து தம்பியின் கையைப் பிடித்திருந்தாள். எல்லாம் முடிந்தது என்று பெர்னடெட் கண்ணைத் துடைத்தபோது, ரெங்கசாமி மகளின் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்தார்.

"ஒரு வீட்டுக்காரங்க வந்து கேட்டிருந்தா விட்டிருக்க மாட்டேம்மா. ஏழு பேரு வந்தீங்க. ஏழு பேருல ஒருத்தராவது மறக்காம இருப்பீங்க."

லெட்சுமியின் அம்மா வீரம்மா அழுதபடியே கப்பலுக்குப் போட்டிருந்த பலகையில் ஏறினாள். மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை; பார்த்தால் ஏற முடியாது என்று தோன்றியிருக்கும்.

பத்து வாரமும் சொன்னபடி நடந்துவிடவில்லை. ஜோசஃபின் வீட்டில் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார்கள். கொட்டும் மழையில் பெட்டியோடு நின்றவளை, செபாஸ்டியனின் அக்கா இன்னும் இரண்டு வாரம் வைத்துக்கொண்டாள். மாடியறையில் லெட்சுமி ராத்திரியெல்லாம் அழுததாக மிஸ் யாப் சொன்னாள். அதன் பிறகு டோரிஸ் அங்கே படிக்கப் போனாள், டோரிஸைப் பார்த்து இன்னும் நால்வர் போனார்கள். மணி அடித்தும் வகுப்பு கலையாமல் நின்றது. பெர்னடெட் ஒன்றேகால் ரயிலை விட்டு, மூன்றரை ரயிலையும் விடத் தொடங்கினாள்.

லெட்சுமி தேறினாள், பெர்னடெட்டும் தேறினாள். செபாஸ்டியன் ஒரு தாளில் தவறி, மறுவருடம் எழுதினான். வேலை உடனே யாருக்கும் வரவில்லை. ஒன்றரை வருடம் கழித்து, செமினியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் இடம் விழுந்தது லெட்சுமிக்குத்தான். பெர்னடெட்டுக்குப் பொறாமை வராமல் இல்லை. இரண்டு நாள் யாரோடும் பேசாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தாள். மூன்றாம் நாள் டோரிஸையும் செபாஸ்டியனையும் கூட்டிக்கொண்டு செமினிக்குப் பஸ் ஏறினாள், லெட்சுமிக்குத் தங்க அங்கே நல்ல வீடாகப் பார்க்க.