காரைத் தூங்க விடாதவள்

கார் மறுபடியும் செத்துக் கிடந்தது. சாவியைத் திருகினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். போன மாதம்தான் புது பாட்டரி போட்டேன். ஈஸ்டர் லீவுக்கு வந்த என் மகன் டிஜோ பஹ்ரைனுக்குத் திரும்பிப் போனதிலிருந்து இதே ரோதனை. நேற்று போனில் அவன் தீர்ப்பே சொல்லிவிட்டான்.

“இன்னொரு தடவை நின்னா வித்துடலாம்ப்பா. இந்த வயசுல கார் எதுக்கு? ஆட்டோ போதும்.”

ஆட்டோவாம்! ஈராட்டுப்பேட்டை டிப்போவில் பஸ் ஓட்டியே பென்ஷன் வாங்குகிற இந்த ஔசேப்பச்சனுக்கு! இன்னொருத்தன் முதுகைப் பார்த்துக்கொண்டு போவதற்கு நான் வீட்டிலேயே கிடக்கலாம். இன்றைக்கே கோளாறைப் பிடித்தாக வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் நிஷாதை வரவழைத்தேன்.

அவன் பாட்டரிக்கு உயிர் கொடுத்து, அதில் மீட்டரை மாட்டினான். “வண்டி சும்மா நிக்கும்போதும் எதுவோ கரண்டைக் குடிக்குது அச்சாயா. அதைப் பிடிக்கணும்னா முதல்ல வண்டி தூங்கணும். கதவெல்லாம் மூடிட்டுத் தொடாம இருக்கணும். யாராவது திறந்தா முழிச்சுக்கும், மறுபடி முதல்லேர்ந்து.”

மூடிவிட்டுக் காத்திருந்தோம். மீட்டரில் எண் இறங்க ஆரம்பித்தது. அப்போது பார்த்து என் மனைவி ஏலிக்குட்டி வந்து பின்கதவைப் படாரென்று திறந்தாள்.

“குடை எடுக்கணும்.”

“மழையாடி பெய்யுது?”

“பெய்யும்ல?”

மறுபடி மூடினோம். இந்தத் தடவை ஜெபமாலையைத் தேடி வந்தாள். அதற்கடுத்த தடவை கட்டன் சாயாவைக் கொண்டுவந்து, வைக்க இடமே இல்லாததுபோல் கார் சீட்டில் வைத்தாள்.

“புத்தி கித்தி இருக்காடி உனக்கு? அவன்தான் தலைதலையா அடிச்சுக்கிறானே!”

“கத்தாதீங்க, பிரஷர் ஏறும்.”

“ஏத்துறதே நீதான்!”

நிஷாத் சிரித்தான். எனக்கு வந்த கோபத்தில் காரைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏலிக்குட்டி படியில் நின்று நைட்டியின் ஓரத்தைக் கசக்கிக்கொண்டிருந்தாள். இவளுக்கு இன்று என்ன வந்தது என்று எனக்குப் புரியவே இல்லை.

எண் இறங்கியது. ஆனால் பாதியில் நின்றுவிட்டது. நிஷாத் பானெட்டுக்குள் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான், எண் அசையவில்லை. பிறகு குனிந்து பார்த்தவன், பாட்டரியிலிருந்து நேராக உள்ளே போகும் மெல்லிய ஒயர் ஒன்றைக் கண்டுபிடித்தான். சாவியை வாங்கி, காருக்குள் படுத்து, டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை வெளியே இழுத்தான்.

“வண்டி எங்க நிக்குதுன்னு போன்ல காட்டுற சாமான் அச்சாயா. மட்டமான சரக்கு, தொட்டாலே சுடுது. இதுதான் குடிக்குது. யார் வெச்சா?”

நான் ஏலிக்குட்டியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

“டிஜோதான். என் போன்லயும் தெரியும்.”

அப்போதுதான் குடையும் ஜெபமாலையும் எதற்கென்று புரிந்தது. எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

“நான் என்ன கள்ளக்கடத்தலா பண்றேன்? அம்மாவும் மகனும் சேர்ந்து வேவு பார்க்கிறீங்களா?”

அவள் குரலை உயர்த்தவில்லை. “ஈஸ்டருக்கு முந்தி, தொடுபுழை போயிட்டு நேரங்கழிச்சு வந்தீங்க. மரம் விழுந்துச்சுன்னு சொன்னீங்க. மேலுகாவுல சாயாக்கடைக்காரர்கிட்ட நம்ம வீட்டுக்கு வழி கேட்டிருக்கீங்க. அவருதான் டிஜோவுக்குப் போன் பண்ணினாரு.”

நான் பானெட்டுக்குள் குனிந்து ஒயரைப் பார்ப்பதுபோல் நின்றேன்.

“போன வாரமும் அங்கேயே நின்னீங்க. போன்ல வண்டியைக் காட்டுற புள்ளி நகரவே இல்ல. நான் மாதா படத்து முன்னாடி உட்கார்ந்து அழுதுட்டிருந்தேன்.”

மரம் எதுவும் விழவில்லை. நான் காலமெல்லாம் பஸ் திருப்பிய முக்கு அது. அன்றைக்கு அங்கே பிரிகிற இரண்டு ரோடும் முன்பின் பார்க்காத ரோடாக இருந்தன. பயந்துபோனேன். இதைச் சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது அச்சனிடம்கூட நான் சொல்லவில்லை.

நிஷாத் கட்டரை எடுத்தான். “அறுத்து எறிஞ்சுடட்டுமா அச்சாயா?”

“கையை எடுடா! நல்லதா ஒண்ணு வாங்கி மாட்டு. பாட்டரியைக் குடிக்காததா.”

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஏலிக்குட்டியின் பக்கம் திரும்பினேன், முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“எடி, அந்தப் புள்ளி நின்னுச்சுன்னா உட்கார்ந்து அழாதே. எனக்குப் போன் பண்ணு. வழி சொல்லு.”