சௌந்தரத்துக்கு ஒரு ரேடியோ

காசநோய்க்குப் போட்ட ஊசி சௌந்தரத்தைப் பிழைக்க வைத்தது. ஆனால் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. "ஊசியாலதான். நிறுத்தினா நோய் திரும்பிடும். கேக்கிற வரைக்கும் கேக்கட்டும்" என்று டாக்டர் அவள் புருஷன் நடனசபாபதியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

அதை அவன் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு ஒரு ரேடியோ வேண்டும் என்று மட்டும் நினைத்தான். சிதம்பரத்தில் கோயில் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்தவள். மஞ்சக்குப்பத்துக்கு வாழவந்த பிறகு அதற்காக ஏங்கினாள்.

அவள் தம்பி சடையப்பன் சிதம்பரத்திலிருந்து வந்தான். "மச்சான், கீழ வீதியில ஒருத்தரு மாத்தலாகிப் போறாரு. ரேடியோவ விக்கிறாராம். நாளைக்கே எடுத்தாந்துடறேன்."

"பழசுடா. வால்வு எப்ப போவும்னு தெரியாது. கரகரன்னு இருக்கும்."

"அப்ப புதுசு வாங்குங்க."

"அதுக்கு நம்மால முடியாது. நானே செஞ்சுடறேன். அவ காதுக்கு இனிமே கெடைக்கிறது சுத்தமா கெடைக்கணும்."

சிநேகிதன் ஒருவனிடம் ரேடியோ வேலை பழகியிருந்தான். ஆபீஸ் விட்டு வந்ததும் ஈயம் வைத்துக் கம்பிகளைப் பற்றவைக்க உட்கார்ந்துவிடுவான். புகைக்கு அவள் இருமுவாள் என்று பின்கட்டுக்கு மாறினான். டிரான்ஸ்பார்மர் ஒரு தடவை கருகியது. மெட்ராஸிலிருந்து வேறொன்று வரவழைத்தான்.

ஆடி மாதம், அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த சமயம், பெட்டி பாடியது. பாட்டுக்கு அடியில் லேசான இரைச்சல். இதையா அவளுக்குக் கொடுப்பது என்று மறுபடியும் பிரித்துப் போட்டான்.

"முடிஞ்சுதா?" என்று ஊரிலிருந்து வந்தவள் கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம்."

"என்னங்க?"

கத்திச் சொன்னான். கார்த்திகையில் அவள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ள ஆரம்பித்திருந்தாள்.

பொங்கலுக்குச் சடையப்பன் வந்திருந்த காலையில் நடனசபாபதி பெட்டியைக் கூடத்தில் வைத்துத் திருகினான். இரைச்சல் துளியும் இல்லை. நாகஸ்வரம் வீடெல்லாம் நிறைந்தது. சடையப்பன் வாய் பிளந்து நின்றான். சௌந்தரம் பெட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு, தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள்.

நடனசபாபதி குமிழைக் கடைசிவரை திருப்பினான். அவள் முகம் மாறவில்லை.

"ஆடியிலயே பாடிச்சு, சௌந்தரம்" என்றான். "ஆடியிலயே பாடிச்சு."

முகத்தை மூடிக்கொண்டு சொன்னதால் அவன் உதடு அவளுக்குத் தெரியவில்லை.

"எதுக்கு அழறீங்க? பாடலியா?" அவன் கையை விலக்கினாள். "அதனால என்ன? சடையப்பா, நீ எடுத்துட்டுப் போ. சிதம்பரத்துல யாராச்சும் ரிப்பேரு பண்ணித் தருவாங்க."

சடையப்பன் மச்சானைப் பார்த்தான். நடனசபாபதி ரேடியோவை நிறுத்திவிட்டு, சரி என்று தலையாட்டினான்.