ஏழாவது விளக்கு

ஒரு ஜீப்புக்கு எத்தனை விளக்கு வேண்டும்? செய்தவன் இரண்டு வைத்துத்தான் அனுப்பினான், அவனுக்குத் தெரியாததா? ஆனால் அவள் வீட்டுக்காரன் பம்பரில் இரண்டு மாட்டினான். முன்கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று மாட்டினான். இப்போது கூரைமேல் ஏறி உட்கார்ந்து, வாயில் ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டு, ஒரு கை நீளத்துக்கு எல்.ஈ.டி பட்டை ஒன்றை முடுக்கிக்கொண்டிருந்தான். ஏழாவது.

"யாருக்குங்க இவ்வளவு வெளிச்சம்?" ஷெட் வாசலில் நின்று கேட்டாள்.

"வண்டிக்குத்தான்" என்றான், ஸ்க்ரூவை எடுக்காமலே.

இது ஒரு பதிலா? பதினாறு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு மழுப்பல் எது என்று தெரியாதா?

அதிலும் அவள் வேலை பார்ப்பது வண்டிச் சாமான் கடையில். பின்னறையில் மெஷினில் உட்கார்ந்து சீட் கவர் தைக்கிறாள். அங்கே ஸ்டிக்கர் ஒட்டுகிறவன் ஒருத்தன், வாயை வாடகைக்கு விட்டவன், போன வாரம் சொன்னான்: "அக்கா, நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல ஒரு ஆம்பள வண்டிய ஜோடிக்க ஆரம்பிச்சா, முன் சீட்டுல புதுசா யாரோ உக்காரப் போறாங்கன்னு அர்த்தம்."

சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டப் போய்விட்டான். அன்று இவள் தைத்த கவரில் தையல் கோணிக்கொண்டு போய், முழுசாகப் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

சந்தேகம் என்று வந்துவிட்டால் எல்லாமே சாட்சிதான். செல்போன் டவர் ரிப்பேர்காரர்களைக் காட்டு வழியில் மலைமேல் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவது அவன் பிழைப்பு. எத்தனை மணியானாலும் வீட்டுக்கு வந்துதான் சாப்பிடுவான். இந்த ஆறு மாசமாகப் புதுப் பழக்கம். வாரத்தில் இரண்டு நாள் போன் வரும். "இருட்டிடுச்சு, மேல ரூம்லயே படுத்துக்கறேன்."

இருட்டாதா பின்னே? இருபது வருஷமாக இருட்டாத மலையா அது?

வண்டி வேலையை மெக்கானிக்கிடம் விடுவதையும் நிறுத்திவிட்டான். ஷெட்டைச் சாத்திக்கொண்டு எல்லாம் தானே செய்தான். சோற்றுத் தட்டு அகலத்துக்குப் பக்கக் கண்ணாடிகள். படிக்கட்டு விளிம்பில் பளீரென்று வெள்ளைப் பெயின்ட். எந்த மகாராணி கால் வைத்து ஏறப் போகிறாளாம்? அப்புறம், துவைக்க எடுத்த சட்டைப் பையில் பெரிய டவுனுக்குப் போய் வந்த பஸ் டிக்கெட். வாசலில் ஜீப்பை வைத்துக்கொண்டு எவனாவது பஸ்ஸில் போவானா? கேட்டதற்கு, "ஒரு வேலையா போனேன்" என்றான்.

ஒருநாள் அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து, முன் சீட்டை ஒரு இழை விடாமல் தடவிப் பார்த்தாள். அவளே தைத்த கவர். தலைமுடி கிடைக்குமா என்று தேடியவளுக்கு இரண்டு வாஷர்தான் கிடைத்தது. அதற்கும் நிம்மதி வரவில்லை. கெட்டிக்காரி, தடயம் விடாதவள் என்று இன்னும் பயந்தாள். விட்டுவிட்டுப் போய்விடுவான். அதுதான் பயம். இந்த வயசில் அவன் போய்விட்டால் வீட்டுக்குள் யாரோடு சண்டை போடுவது?

ஞாயிற்றுக்கிழமை அவள் அக்காவின் தோட்டத்துக்குப் போனார்கள். போகும்போதே அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். திரும்பும்போது சூரியன் இறங்கியிருந்தது, ஆனால் பாதை நன்றாகத் தெரிந்தது. அதற்குள் அவன் ஏழு விளக்கையும் போட்டுவிட்டான். பகட்டைப் பார், என்று பல்லைக் கடித்தாள்.

சாதாரணமாக அந்த வண்டியில் ஏறினால் அவள் வாய் ஓயாது. "குழி, குழி... மெதுவாங்க... மாடு வருது பாருங்க... ஓரமா கிளை நீட்டிட்டிருக்கு." அவன் சிரித்துக்கொண்டே ஓட்டுவான். அன்று அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுவதற்குத்தான் வேறு ஆள் இருக்கிறாளே.

வளைவு தாண்டி இடது ஓரத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பாறை. தூரத்திலேயே பார்த்துவிட்டாள். ஸ்டியரிங்கை ஒடிப்பான் என்று நினைத்தாள். ஒடிக்கவில்லை. இன்னும் பக்கத்தில் வந்தது. வாய் திறக்க வந்தது, வீம்பு விடவில்லை. படாரென்று இடித்து வண்டி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அவன் கைப்பட இழுத்த வயரிங் எங்கேயோ தீய்ந்து நாறியது. ஏழு விளக்கும் பொசுக்கென்று அணைந்தன.

"அடிபட்டுச்சா?" என்றான். இல்லை என்று அவள் சொன்னதும் குரல் உயர்ந்தது. "நீ ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நான் சொல்லணுமா? அம்மாம் பெரிய பாறை, உங்களுக்குக் கண்ணு இல்ல? போய் அவள சொல்லச் சொல்லுங்க!"

"எவள?"

"வாரத்துல ரெண்டு நாள் எவ வீட்டுல படுக்கிறீங்களோ, அவள!"

அவன் ஸ்டியரிங்கை விடவே இல்லை.

"டவர் ரூம்லதான்மா படுக்கிறேன். இருட்டுனா எறங்க முடியல. வெளிச்சம் கொறஞ்சா எதுவும் தெரியல எனக்கு. பகல்லயும் ரெண்டு ஓரமும் அடைச்சுப் போச்சு, குழாய் வழியா பாக்கற மாதிரி நேரா கொஞ்சம்தான் தெரியுது. வெளக்குப் போட்டா சரியாயிடும்னு ஒவ்வொண்ணா மாட்டிப் பாத்தேன். டவுன் கண்ணாஸ்பத்திரியில, நரம்பு போயிட்டிருக்கு, மருந்தில்லன்னுட்டாங்க. நீ பக்கத்துல இருந்தா பயமில்ல. நீ திட்டுற திட்டுலதான் இந்த ரோட்டுல ஓட்டிட்டிருந்தேன்."

டவர் ரூம். கண்ணாஸ்பத்திரி. எவளும் இல்லை.

எவளும் இல்லை! இத்தனை நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தவள் எழுந்து போய்விட்டாள். அவன் சொன்ன மற்றது எதுவும் இன்னும் மண்டைக்குள் இறங்கவில்லை. அதற்குள் அடக்க அடக்க அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. மூச்சு விக்கி விக்கி வந்தது.

அவன் அவள் பக்கம் திரும்பினான். அவளுக்கு அவன் முகம் நன்றாகத் தெரிந்தது, தாடியில் இருந்த நரை வரைக்கும். அவன் அவள் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தான். கண்கள் அவள் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ நின்றன.

"அழாதம்மா" என்றான். "ஏதாவது வேற பொழப்பு பாத்துக்கலாம். அழாத."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. என்ன ஜன்மம் நான் என்று இருந்தது அவளுக்கு. அவன் கை நீண்டது. கட்டைவிரல் அவள் நெற்றியில் பட்டு, மூக்கில் பட்டு, கன்னத்துக்கு இறங்கி, கண்ணீரைத் துடைக்கப் பார்த்தது.

கன்னம் காய்ந்து கிடந்தது.