புகை உண்டு

விடியற்காலை ஐந்தரைக்குச் சங்கு ஊதுகிறபோது, அறுப்புக் கொட்டகையில் வாள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகட்டை இரண்டு பேர் தள்ள, ஒருவர் பிடிக்க, வாள் பல்லைக் கடித்துக்கொண்டு அறுக்கும். அறுபட்ட இடத்திலிருந்து வெள்ளையாக ஒன்று எழும்பி விளக்கை மூடும், முகத்தை மூடும், சாப்பாட்டுத் தூக்கின் மூடி இடுக்கிலும் நுழையும்.

ஊரார் அதைத் தூசி என்பார்கள். கொட்டகைக்குள் அப்படிச் சொல்வதில்லை. தட்டினால் போவது தூசி. இது தட்டினால் பக்கத்து ஆளிடம் போகும். அதனால் அதற்குப் பெயர் புகை. ‘இன்னிக்குப் புகை ஜாஸ்தி’ என்றால், கனத்த தகடு வந்திருக்கிறது என்று பொருள்.

மாவு அண்ணன் இருபத்திரண்டு வருஷம் அந்த வாளைப் பிடித்தவர். வேலை முடிந்து வருகிறபோது மாவு மில்லில் புரண்டவர்போல வருவதால் வந்த பெயர். மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். கோபம் வந்தால் மட்டும் ‘புளிச்ச மாவு’.

இப்போது அவர் வாள் பிடிப்பதில்லை. தகட்டில் அளவுக்கோடு போடுகிறார். கோடாவது போட்டால்தான் கம்பெனி வீட்டு வரிசையில் அவர்கள் குடியிருக்கும் ஒற்றை அறை தங்கும். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரே பஸ். அறை போனால் மாமனார் ஊர்தான் கதி. அங்கிருந்து ஒரு பகல் பயணம். அந்த நெஞ்சு அதைத் தாங்காது.

நுரையீரலில் புற்றுநோய், முற்றிய நிலை. டாக்டரம்மா மறைக்கவில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து ஏற்றுவார்கள். அது எல்லாருக்கும் உள்ள வழக்கமான வைத்தியம். அதோடு கூட ஒரு புது மருந்தைச் சேர்த்தால் பலன் கூடுமா என்று பார்க்கிறார்களாம். பாதிப் பேருக்கு அந்த மாத்திரை, மீதிப் பேருக்கு அச்சு அசலாக அதேபோல் இருக்கும் வெறும் மாத்திரை. விருப்பமிருந்தால் சேரலாம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

“எனக்குக் கிடைக்கிறது மருந்தா, மாவாம்மா?”

“எனக்கே தெரியாது. எனக்குத் தெரிஞ்சா அது சோதனையே இல்ல.”

மாவுக்கு மாவே விழுந்தாலும் ஆச்சரியமில்லை என்று அவர் சிரிக்க, மனைவி தொடையில் கிள்ளினாள். உங்களுக்கு உதவாவிட்டாலும் பின்னால் வருகிறவர்களுக்கு உதவும் என்றார் டாக்டரம்மா. பின்னால் யார் வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். கொட்டகையே வரும். கையெழுத்துப் போட்டார்.

மனைவி மருந்து வரிசைக்குப் போன நேரத்தில் நர்ஸ் கேள்வித்தாளோடு வந்தாள். புகை உண்டா என்று கேட்டாள்.

“உண்டும்மா. இருபத்திரண்டு வருஷமா.”

“ஒரு நாளைக்கு எவ்வளவு?”

“காலையில ஆரம்பிச்சா சாயந்திரம்வரைக்கும்.”

நர்ஸ் பேனாவை நிறுத்தி அவரை ஒரு பார்வை பார்த்தாள். தன் உழைப்பைக் கண்டு மலைத்துவிட்டாள் என்று இவர் நினைத்துக்கொண்டார். தொழில் என்ன என்றதற்குக் கூலி என்றார். முதலாளி அப்படித்தான் சொல்வார். அடியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, லீவுக்குக் காட்ட ஒரு நகலைக் கொடுத்தாள்.

மறுநாள் அந்த நகலை அவரே, தன் கையாலேயே, முதலாளியிடம் நீட்டினார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். அதற்குத் தும்பிக்கையாவது உண்டு. மூன்று வாரத்துக்கு ஒருநாள் லீவு கேட்டார். முதலாளி கண்ணாடியை ஏற்றி நிதானமாகப் படித்தார்.

“இருபத்திரண்டு வருஷமாப் புகைப்பழக்கம். நாள் முழுக்க. ஏம்ப்பா, இப்படி ஊதித் தள்ளினா நெஞ்சு என்ன இரும்பா?”

“ஐயா, நான் பீடியே தொட்டதில்ல. அது உங்க புகை.”

“என் புகையா? நீ சொன்னதைத்தானே எழுதியிருக்காங்க? கையெழுத்து உன்னுதுதானே?”

அது அவருடையதுதான். நோயாளிக்கு ஓய்வுதான் முக்கியம் என்று முதலாளி கரிசனத்தோடு சொன்னார். ஆகவே வேலையில்லை, மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்துவிடலாம்.

கொட்டகைக்கு வந்து நடந்ததைச் சொன்னார். சொன்னவிதத்தில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு இருமலாகி, ஆள் மாற்றி ஆளாகக் கொட்டகை முழுக்க ஓடியது. மூட்டை அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தகட்டுக்குச் சேர்க்கிற நார்ப்பொடி மூட்டைகளைக் கிழித்துக் கொட்டுகிறவள் அவள். போன வருஷம் இருமலுக்காக அதே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள்.

“எங்கிட்டயும் அதேதான் கேட்டாங்க,” என்றாள். “பதினாறு வருஷம்னு சொன்னேன். வீட்டுக்காரர் பீடி பத்தவெச்சாலே வாசலுக்குத் துரத்துறவ நான்.”

வாள் பிடித்திருந்தவன் கையை நீட்டி விசையை இறக்கினான். மதியச் சங்குக்கு முன் அந்த வாள் நின்றது அன்றுதான் முதல்முறை. இருமல் அத்தனை பேரிடமும் இவ்வளவு இருக்கிறது என்பது அந்த நிசப்தத்தில்தான் கேட்டது.

பத்தொன்பது பேர் உடையைத் தட்டாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். வாசலில் முதலாளி, போகிறவர்கள் திரும்பி வரவேண்டாம் என்றார்.

“அப்ப வாளை நீங்கதான் பிடிக்கணும்,” என்றாள் மூட்டை அக்கா. “பாத்து ஐயா. புகை ஜாஸ்தி.”

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரம்மாவே ஓடிவந்து தடுத்தார். அந்தப் பொடியோடு உள்ளே வரக் கூடாது, உள்ளே நோயாளிகள் இருக்கிறார்கள் என்றார். இத்தனை வருஷத்தில் ஒரு கட்டடம் அந்தப் புகைக்கு இடமில்லை என்று சொன்னதும் அன்றுதான். யாருக்கும் கோபம் வரவில்லை.

வேப்பமரத்தடியில் மேசை போடப்பட்டது. விஷயத்தைக் கேட்ட நர்ஸ் வெகுநேரம் அந்த வெள்ளைத் தலைகளையே பார்த்தாள். பிறகு மாவு அண்ணனின் தாளை எடுத்து, புகைப்பழக்கம் என்ற வரியின்மேல் ஒற்றைக் கோடு கிழித்தாள்.

“முழுசா அழிச்சிடும்மா.”

“கூடாதுங்கய்யா. சோதனைத் தாள்ல பழைய எழுத்து தெரியற மாதிரிதான் திருத்தணும். பக்கத்துல தேதியும் என் கையெழுத்தும் போடணும்.”

“அப்பத் தெரியட்டும்,” என்றார் அவர். “நாங்க எப்படி மோசம் போனோம்னு பின்னால வர்றவங்க படிக்கணும்ல.”

தொழில் என்ற கட்டத்துக்கு வந்தாள். கூலி என்று இருந்ததன்மேலும் ஒரு கோடு விழுந்தது.

“என்ன எழுத?”

“கூரைத் தகடு அறுப்பு. வாய்மூடி கிடையாது. இருபத்திரண்டு வருஷம் மூச்சில ஏறினது தகட்டுப் பொடி. கொஞ்சம் பெரிசா எழுதும்மா, முதலாளிக்குக் கண் மட்டு.”

சட்டைப்பையில் இருக்கிற மாத்திரை மருந்தா மாவா என்று அவருக்குத் தெரியாது. மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது. மற்றவர்கள் எல்லாரையும் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா புதுத்தாள் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். மாவு அண்ணன் எழுந்து நாற்காலியை அக்காவுக்குத் தள்ளிவிட்டு, வரிசை கலையாமல் பார்த்துக்கொள்ளக் கடைசியில் போய் நின்றார்.

“புகை உண்டா?” என்று நர்ஸ் பழக்கத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அதை நாங்க சொல்றோம்,” என்றாள் மூட்டை அக்கா. “நீ எழுது.”