நடுத்தூணின் பங்கு

என் இரண்டு தோள்மேலும் ஆணை, நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. கேட்கிறதா, பின்னால் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் உரக்கச் சொல்கிறேன். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எங்கள் ஊர் ஆற்றுப் பாலத்தில் நான் நடுத்தூணாக வேலை பார்க்கிறேன்.

பாலத்துக்கு நாங்கள் மூன்று தூண்கள். மேற்குக் கரையில் ஆவுடையப்பன், கிழக்குக் கரையில் தாசையா, நடு ஆற்றில் முழங்கால் தண்ணீரில் பூதலிங்கமாகிய நான். ஆவுடையப்பன் நின்ற இடத்திலேயே திரும்பிக்கொள்ளலாம், நகரக் கூடாது. தாசையா திரும்பவும் செய்யலாம், நகரவும் செய்யலாம். சித்திரை வெயிலில் பாலம் கொஞ்சம் நீளும் இல்லையா, அப்போது அவரும் கூடவே டீக்கடைப் பக்கம் ஒதுங்கிக்கொள்வார். எனக்கும் அப்படியே. கீழே இறங்க மட்டும் மூவருக்கும் அனுமதி இல்லை.

ஆனி மாதம் மேலிடத்திலிருந்து ஆணை வந்தது. எந்தத் தூண் எவ்வளவு சுமக்கிறது என்று சொல்ல முடியாத பாலம் இனிமேல் இருக்கக் கூடாது. உதவிப் பொறியாளர் ஜெபக்கனி அம்மா வந்து ஆற்று மணலில் குந்தி உட்கார்ந்து யோசித்தார். அவர் கையில் இருந்த விதிகள் இரண்டு. மேலே உள்ள பாரமும் கீழே தாங்குவதும் சமமாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. பாலம் எந்தப் பக்கமும் குடைசாயக் கூடாது என்பது மற்றது. இரண்டு விதியை வைத்து இரண்டு ஆளின் பங்கைக் கண்டுபிடிக்கலாம். மூன்றாவது ஆள் சிக்கமாட்டான். சிக்காதவன் உபரி. கரையில் நிற்பவர்களை எடுத்தால் பாலத்தில் ஏற முடியாது என்பதால் அந்த உபரி நான்தான் என்று முடிவாயிற்று.

உபரித் தூணைப் புறவழிச் சாலையில் மைல்கல்லாக நடுவது வழக்கம். இடுப்புவரை புதைத்து நெற்றியில் எழுதிவிடுவார்கள். என் பெரியப்பா மகன் அப்படித்தான் நிற்கிறான். முன்பெல்லாம் வாயைத் திறந்தால் மூடமாட்டான். இப்போது சாப்பிட்டாயா என்று கேட்டால்கூட, திருச்செந்தூர் நாற்பது என்கிறான். எனக்கும் அந்தக் கதி என்று நினைத்தபோது முழங்கால் தண்ணீர் சில்லிட்டது.

ஆவுடையப்பனுக்கு வாயெல்லாம் பல்.

"நடுவுல நீரு காத்துதான வே வாங்குனீரு? பாரத்துல பாதி நானு, பாதி தாசையா. போய் ரோட்டோரமா வாங்கும், அங்க காத்து இன்னும் நல்லா வரும்."

தாசையா சிரிப்பை அடக்க முடியாமல் டீக்கடைப் பக்கம் லேசாக நகர்ந்தார்.

சந்தை நாளன்று என்னை எடுத்தார்கள். வழியனுப்ப வந்த சனம் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை இடைவெளி இல்லாமல் பாலத்தின்மேல் நின்றது. ஜெபக்கனி, பாலத்தின் விளிம்பை ஒட்டி, கொத்தனார் பிடிப்பதுபோல் ஒரு நூல் இழுத்துக் கட்டினார். நான் குனிந்து வெளியே வந்தேன். பாலமும் என் பின்னாலேயே வந்தது. நடுவில் ஒரு முழம் இறங்கி நின்றது. சனமும் ஒரு முழம் இறங்கி, விட்ட இடத்திலிருந்து தக்காளியைப் பற்றிப் பேச்சைத் தொடர்ந்தது.

ஆவுடையப்பனின் விழிகள் வெளியே வந்தன.

"ஏம்மா, பாதின்னா இவ்வளவா?" என்றார்.

ஜெபக்கனி அவரைக் கவனிக்கவில்லை. நூலுக்கும் பாலத்துக்கும் நடுவிலிருந்த அந்த ஒரு முழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது.

"அண்ணாச்சி, மூணாவது விதி கெடச்சிட்டு. நீங்க இல்லாம எவ்வளவு இறங்குச்சோ, அவ்வளவையும் நீங்கதான் ஏத்தி வச்சிருந்திருக்கீக. உள்ள வாங்க, ஏத்திக் காட்டுங்க."

நான் மறுபடி ஆற்றில் இறங்கினேன். என் தோளுக்கும் பாலத்துக்கும் நடுவில் லாரி ஜாக்கி ஒன்றை வைத்தார். மொத்தப் பாரத்தைப் பதினாறு பங்காகப் பிரித்து, கைப்பிடி ஒருமுறை சுற்றினால் ஒரு பங்கு என் தோளுக்கு வருவதுபோல் செய்திருந்தார். அவர் சுற்றச் சுற்ற, மேலே சனம் எண்ணியது. மூன்று வரைக்கும் கேலியாகத்தான் எண்ணினார்கள். ஆறைத் தாண்டியபோது தக்காளிப் பேச்சு நின்றது. எட்டு என்றபோது ஆவுடையப்பனுக்கு மூச்சு வந்தது, தாசையாவுக்குப் பேச்சு வந்தது. பாலம் இன்னும் நூலைத் தொடவில்லை. பத்தாவது சுற்றில் தொட்டது.

பதினாறில் பத்து எனக்கு. மீதி ஆறில் ஆளுக்கு மூன்று.

"பத்தையும் நீரே வச்சிக்கிடும் வே. நான் பங்குக்கு வரல," என்றார் ஆவுடையப்பன். பாதி பாதி என்று பேசிய மனிதர்.

மைல்கல் நடுவதற்காகத் தோண்டிய குழியில் ஒரு வேப்பங்கன்றை வைத்தார்கள். என்னைத் தோளில் தூக்கி ஊர்வலம் போக வேண்டும் என்று ஊர் ஒற்றைக்காலில் நின்றது. பாரத்தை விட்டுவிட்டுத் தூண் எப்படிப் போக முடியும்? அதனால் ஊர்வலம் என்மேலேயே போயிற்று. நாதஸ்வரத்தோடு கிழக்கே ஒருதரம், மேற்கே ஒருதரம். கோயில் யானையையும் கூட்டிவந்து என்மேல் நடத்தினார்கள். பல்லைக் காட்டிக்கொண்டே அத்தனையும் தாங்கினேன். அன்றைக்கு யானை எனக்குப் பூமாலை மாதிரி இருந்தது.

பங்கு தெரிந்த தூணுக்கு விடுப்பு உண்டு. அதே பத்தைத் தாங்கப் பதிலுக்கு ஒருவரை நிறுத்தினால் போதும். இன்று நான் உங்களோடு இங்கே உட்கார்ந்திருக்கிறேனே, என் இடத்தில் எங்கள் ஊர் ஆறே எழுந்து நிற்கிறது. நன்றாகத்தான் நிற்கிறது, என்னைவிட நிமிர்வு. இருட்டுவதற்குள் போய் அதைப் படுக்கவைத்துவிடுவேன். அதற்குமுன் வயல்காரர்கள் தண்ணீரைத் தேடிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தால், ஆறு எங்கே நிற்கிறது என்று வேண்டுமானால் கை காட்டுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள்.