சாய்ந்த பகடை

ஞாயிற்றுக்கிழமை மதியம் பல் டாக்டரின் கிளினிக்கில் நோயாளிகள் இருக்க மாட்டார்கள். காத்திருக்கும் அறையில் நாற்காலிகளை ஒதுக்கி, நடுவில் மேசை போட்டுக் கதை விளையாட்டு ஆடுவோம். டாக்டர் கதையை நடத்துவார். லிஃப்ட் பழுதுபார்ப்பவர், அவர் மனைவி, நான், என் தங்கை, நால்வரும் ஆளுக்கொரு பாத்திரமாகி அதற்குள் அலைவோம்.

தங்கையை நானாக அழைத்து வரவில்லை. "வீட்டுல சும்மாத்தானே கிடக்கா, அவளையும் கூட்டிட்டுப் போயேன்" என்று அம்மாதான் அனுப்பிவைத்தாள். வந்த முதல் நாளே அவள் பேச்சுக்கு டாக்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் பேச்சுக்கு அவர் அந்தக் கண்ணாடியைத் தொட்டதுகூட இல்லை.

அன்று புதிய கதை. புதிய பாத்திரங்களைப் பிறப்பிக்க வேண்டும். பலம், வேகம், தாங்கும் சக்தி, அறிவு, நிதானம், வசீகரம் என்று ஆறு திறன்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு பகடைகளை உருட்டி, இருப்பதிலேயே சின்ன எண்ணைத் தள்ளிவிட்டு மற்ற மூன்றையும் கூட்ட வேண்டும். ஒரு திறனுக்கு வந்த எண்ணை இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ள முடியாது. இதற்கு மேல் எங்கள் குழுவுக்கென்று ஒரு விதி உண்டு. அவரவர் பகடையை அவரவர் போடக் கூடாது, எதிரில் இருப்பவர்தான் போட வேண்டும்.

"தலையெழுத்தை யாராவது தானே எழுதிக்கிறாங்களா?" என்பார் டாக்டர்.

இந்தக் கதையில் மந்திரக்காரி ஒருத்திதான். யாருக்கு அறிவு அதிகமோ அவருக்குத்தான் அவள். இதுவரை எல்லாக் கதைகளிலும் நான் வைத்தியச்சி. மற்றவர்கள் வாள் வீசும்போது பின்னால் நின்று கட்டுப் போடுகிறவள். பஞ்சு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இந்த முறை மந்திரக்காரி எனக்கு வேண்டும். அவள் பேசப்போகும் முதல் வாக்கியத்தை, நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் மாதிரிகளைச் சோதித்துக்கொண்டே யோசித்து வைத்திருந்தேன்.

முதலில் லிஃப்ட்காரருக்கு அவர் மனைவி போட்டாள். பலம் பதினேழு.

"கேஸ் சிலிண்டர் தூக்க வாட்ச்மேனைக் கூப்பிடறவருக்குப் பதினேழாம்!"

"போட்டது நீதானேம்மா?"

"கை தவறிடுச்சு."

அவருக்கு அறிவு எட்டு. "இது கை தவறாம போட்டது" என்றாள். அவர் போட்டதில் அவளுக்கும் எட்டுதான் வந்தது.

அடுத்து எனக்குத் தங்கை போட்டாள். கருவிகள் வைக்கும் எவர்சில்வர் தட்டில்தான் உருட்டுவோம். பலம் ஏழு, வேகம் ஒன்பது, தாங்கும் சக்தி பத்து. அறிவுக்கு உருட்டியதும் தட்டின் மேல் குனிந்தாள். நிமிர்ந்து என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"ஆறு, அஞ்சு, அஞ்சு, ரெண்டு. பதினாறுக்கா!" என்று கத்திவிட்டுப் பகடைகளைக் கையில் அள்ளினாள்.

"பஞ்சு சிரிக்குது பாருங்க" என்றார் டாக்டர்.

பிறகு அவளுக்கு நான் போட்டேன். பலம் பதினைந்து. வேகம் பதினான்கு. தாங்கும் சக்தி பதினாறு. என் கையே அவளுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தது. அவள் தட்டைப் பார்க்கவில்லை. நகப்பூச்சைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். படிக்காமல் எழுதும் தேர்விலும் தேறுவாள். தன் முடியைத் தானே வெட்டிக்கொள்வாள், அதையும் எங்கே வெட்டினாய் என்று நாலு பேர் கேட்பார்கள்.

அறிவு. ஆறு, ஆறு, ஐந்து, ஒன்று. பதினேழு.

குடுவையில் அளவு பார்ப்பதுபோலக் கண்ணைத் தட்டின் மட்டத்துக்கு இறக்கினேன். ஓர் ஆறு, தட்டின் விளிம்பில் சாய்ந்து நின்றது. அதன் அடியில் மயிரிழை வெளிச்சம்.

"சாய்ஞ்சிருக்கு" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

சாய்ந்த பகடை செல்லாது. அதன் மேல் இன்னொரு பகடையை வைத்துப் பார்ப்பது வழக்கம். நின்றால் செல்லும், வழுக்கினால் மறுபடி போட வேண்டும். டாக்டர் இடுக்கியால் ஒன்றை எடுத்து வைத்தார். வழுக்கி விழுந்தது.

அந்த ஒன்றை மட்டும் மறுபடி போட்டேன். இரண்டு. பதினேழு பதின்மூன்றாக இறங்கியது. மந்திரக்காரி எனக்கு.

"போச்சா? சரி, விடு" என்றாள் தங்கை.

நான் சொன்னது சரிதான். யார் பார்த்திருந்தாலும் சாய்வு சாய்வுதான். ஆனால் அந்தப் பகடையில் ஒன்று விழுந்திருந்தால் நான் குனிந்திருப்பேனா? தெரியவில்லை. அவளுடைய வசீகரத்துக்குப் பதினெட்டு வந்தபோது மூன்று ஆறுகளையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். எல்லாம் தட்டையாகத்தான் கிடந்தன.

அவள் ஒரு கொள்ளைக்காரியானாள். பூட்டை உடைக்கப் போய்ப் பூட்டிடமே மன்னிப்புக் கேட்டாள். மேசையே குலுங்கியது. டாக்டர் கண்ணாடியைத் துடைத்தபடி, "மந்திரக்காரி என்ன செய்யறாங்க?" என்று கேட்டார். யோசித்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். லிஃப்ட்காரர் இன்னும் பூட்டை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையும் அவளுக்குத்தான் கிடைத்தது.

"உனக்குப் போட்டப்பவும் ஒண்ணு சாய்ஞ்சுதான்க்கா இருந்துச்சு."

"எது?"

"அறிவுக்குப் போட்டதுல. அந்த ஆறு."

"ஏன்டி சொல்லலை?"

"எதுக்குச் சொல்லணும்? குளிக்கறப்ப மந்திரம் சொல்லிப் பாக்கறே, வீடே கேக்குது. உனக்கு அது வேணும்னு எனக்குத் தெரியாதா?"

நல்ல மனசு. அதுவும் அவளுக்குத்தான் வாய்த்திருக்கிறது. காது மடல் சுட்டது.

"அடுத்த வாரம் டாக்டர்கிட்ட சொல்லி அந்த ஒரு பகடையைத் திரும்பப் போடணும்."

"லூசாக்கா நீ? ஒண்ணோ ரெண்டோ விழுந்தா உனக்குப் பன்னெண்டு. மந்திரக்காரி எனக்கு வந்துடுவா."

"வரட்டும்."

"சரி. ஆனா போடப்போறது நான்தான், ஞாபகம் இருக்கட்டும்." உள்ளங்கையை விரித்து என் முகத்துக்கு நேரே ஆட்டினாள். "இந்தக் கை மறுபடியும் உனக்கு ஆறுதான் போடும், பாரு."

ஆறில் ஒரு வாய்ப்பு. கணக்கு எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கை ஆறுதான் போடும் என்று தோன்றியது. இரண்டு விழட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அப்போதாவது அவள் கையைக் குறை சொல்லலாம்.