மேலா, கீழா

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்துக் குழாயையும் சேர்த்தே சட்டையை மடித்துக்கொண்டிருந்தார் வெண்டல். மகள் கொரின் ஓடிப்போய்க் குழாயை விடுவித்தாள்.

"என்னப்பா பண்றீங்க?"

"கூப்பிட்டுட்டாங்கம்மா. காதுல விழல? ரூமுக்கு வரச் சொல்றாங்க."

நர்ஸ் சொன்னது கொரினிடம். டாக்டர் தன் அறையில் பார்க்க வேண்டுமாம். அதற்கு அம்மா ஆர்லிஸ் போயிருந்தாள். ஆனால் பதினான்கு வருடம் பேஸ்பால் ஆடியவரின் காதில் அது வேறு மாதிரி விழுந்திருந்தது. அணி மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டால் மூன்றில் ஒன்று: மேலே பெரிய லீகுக்கு அனுப்புகிறார்கள், கீழே இன்னும் சின்ன ஊருக்கு அனுப்புகிறார்கள், இல்லையென்றால் அணியிலிருந்தே ஒரேயடியாக விட்டுவிட்டார்கள், வீட்டுக்குப் போகலாம். எதுவானாலும் அன்றே பையைக் கட்ட வேண்டும்.

மைதானத்தில் இரண்டாவது பேஸ், மூன்றாவது பேஸ், எங்கே நிற்கச் சொன்னாலும் நிற்பார். பந்தைப் பிடிப்பார். மட்டையால் அடிக்கத்தான் வராது. அதனால் டொலீடோ, டல்ஸா என்று சின்ன லீகிலேயே பதினொரு ஊர்கள், எல்லாம் பஸ்ஸில். மேலே இருந்தது ஒன்பதே நாள். அந்த ஒன்பது நாள் கதையை நாற்பது வருடமாகக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் காது புளித்துவிட்டது.

சின்ன வயதில் கொரினுக்கு வேண்டியிருந்தது அந்த மூன்றில் கடைசிதான். அவள் ஜூலையில் பிறந்தவள். சீசன் நடுவில், ஜூலையில் எந்த ஆட்டக்காரனும் வீட்டில் இருப்பதில்லை. ஒவ்வொரு பிறந்தநாளிலும் மெழுகுவத்தியை ஊதும்போது, அப்பாவை அணியிலிருந்து விட்டுவிட வேண்டும் என்றே வேண்டிக்கொள்வாள். கடைசியில் விட்டபோது அவளுக்குப் பதினாறு வயது. அப்போது அவள் வீடு தங்குவதில்லை.

"மேலயா, கீழயா? உங்கிட்ட ஏதாவது சொன்னாங்களா?" அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

விட்டுட்டாங்கப்பா, வீட்டுக்குப் போகலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் நம்புவார். ஒரு நிமிடமாவது அவர் அவளுக்கே அவளுக்கென்று இருப்பார். அவளுக்கு அது அவ்வளவு வேண்டியிருந்தது.

"மேலதான்பா."

"நெசமாவா? எத்தனை நாளைக்கு?"

"சீசன் முழுக்க."

பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். பிறகு சட்டையின் மேல் கை அப்படியே நின்றது.

"அப்ப உன் பொறந்தநாளுக்கு வர முடியாதே கண்ணு. இந்த வாட்டியாவது வந்துடணும்னு நெனச்சேன்."

பாதி மடித்திருந்த சட்டையை வாங்கி அவளே மடித்து முடித்தாள்.

"பரவால்லப்பா. போயிட்டு வாங்க."

ஆர்லிஸ் டாக்டரிடமிருந்து திரும்பியபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மதியத்துக்குள் மூச்சு அடங்கிவிட்டது.

"உங்கிட்ட எதுனா பேசினாரா?" என்று வெகுநேரம் கழித்துக் கேட்டாள் ஆர்லிஸ்.

"மேல கூப்பிட்டிருக்காங்கன்னு நான்தான் சொன்னேன்."

ஆர்லிஸ் தலையை ஆட்டினாள்.

"நல்லதாப் போச்சு. அங்கன்னா பிளேன்லயே கூட்டிட்டுப் போவாங்க. பஸ்ஸுலயே உக்காந்து போனா மனுஷனுக்குக் கால் வீங்கிடும்."

போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவர் பாதத்தை உள்ளே நகர்த்தி, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினாள்.